டெக் பயணிகளின் உயிர்ப்படகு: மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் என் மகனுக்கு

போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தின் அறிவிப்புப் பலகையில் திங்கட்கிழமை மாலை ஒட்டப்பட்ட தாளை நானே நின்று படித்தேன். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. கப்பலின் மேல்தளத்தில் போகும் டெக் பயணிகளைப் பற்றிய விசாரணைக் குழு அறிக்கையை எழுதி முடித்துவிட்டது. வரும் வெள்ளிக்கிழமை கோலாலம்பூரில் கூடி அதில் கையெழுத்திடும். பதிவான சாட்சியத்தில் திருத்தம் இருந்தால் சாட்சி சொன்னவரோ அதை மொழிபெயர்த்தவரோ அன்று நேரில் வந்து தெரிவிக்கலாம். அவ்வளவுதான் பலகையில் இருந்தது. அறிக்கையின் சாரத்தைக் குழுவின் செயலாளர் மறுநாள் என்னிடம் சொன்னார். லண்டனில் பல நாடுகள் கூடிக் கையெழுத்திட்ட கடல் பயண உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கையை இந்த நாடும் ஏற்கலாம். ஆனால், எல்லாருக்கும் உயிர்ப்படகில் இடம் வேண்டும் என்ற விதியிலிருந்து டெக் பயணிகளை ஏற்றும் கப்பல்களுக்கு மட்டும் விலக்குக் கேட்கலாம். காரணம் கேட்டேன். டெக் பயணிகளே அதைத்தான் விரும்புகிறார்கள் என்றார். ஒருமனதாக.

மகனே, அந்த ஒருமனதை அவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவன் நீ. அதைப் பத்திரிகையில் எழுதியவன் நான்.

வீட்டுக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை ஏன் அச்சில் போடுகிறேன் என்று நீ கேட்பாய். கிள்ளானில் உன் வீட்டுக்கு இரண்டு முறை வந்தேன். முதல் முறை பேசினாய். நீ பேசியதை அப்படியே பின்னால் எழுதுகிறேன். இரண்டாம் முறை நீ வெளியே போயிருப்பதாக உன் மனைவி சொன்னாள். உன் சப்பாத்து வாசலில் இருந்தது. அவளை மேலும் பொய் சொல்ல வைக்க விரும்பாமல் அடுத்த ரயிலைப் பிடித்துப் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிவிட்டேன். அதற்கும் மேலே ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் பத்திரிகையில் வந்த செய்தி தவறு. தவறான செய்திக்குத் திருத்தம் போட வேண்டியது அதை எழுதியவன் வேலை. எப்படி எழுதிப் பார்த்தாலும் இந்தத் திருத்தம் உன்னைத் தொடாமல் முடியவில்லை. உன் பெயரைப் போடவில்லை. கிள்ளான் நீதிமன்றத்திலிருந்து குழுவுக்கு இரவல் போன தமிழ் மொழிபெயர்ப்பாளர் யார் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

உடன்படிக்கையைப் பற்றி வாசகர்களுக்கும் சேர்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரிய யுத்தத்துக்கு முன்னால் அட்லாண்டிக் கடலில் ஒரு பெரிய கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஏறியிருந்தவர்களுக்கெல்லாம் போதுமான படகு அதில் இல்லை. அதற்குப் பிறகுதான் உலகத்து அரசாங்கங்கள் இதை யோசிக்கத் தொடங்கின. இப்போது எழுதியிருக்கும் உடன்படிக்கையின் பெரும்பகுதி நியாயமானது. கப்பலில் கம்பியில்லாத் தந்தி வேண்டும், தீயணைக்கும் சாதனம் வேண்டும், ஏறுகிற ஒவ்வொருவருக்கும் உயிர்ப்படகில் இடம் வேண்டும் என்கிறது. அதே உடன்படிக்கையில் இன்னொரு விதியும் இருக்கிறது. படுக்கை இல்லாத பயணிகளை ஏராளமாக ஏற்றிப்போகும் கப்பல்களுக்கு, இப்படி எல்லாம் கேட்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று ஒரு அரசாங்கம் கருதினால் விலக்குக் கொடுக்கலாம். படுக்கை இல்லாத பயணி என்றால் யார்? புனிதப் பயணம் போகிறவர்கள், அப்புறம் நாம். நாகப்பட்டினத்துக்கும் இந்தக் கரைக்கும் இடையே மேல்தளத்திலும் சரக்கறை மூடியின் மேலும் பாய் விரித்துப் படுத்துப் போய்வந்த நம் ஆட்கள்.

ஆகவே உடன்படிக்கையை ஏற்பதா வேண்டாமா என்பதில் இங்கே யாருக்கும் சண்டை இல்லை. ஏற்கத்தான் வேண்டும், நானும் அதைத்தான் சொல்கிறேன். ஏற்றுக்கொண்டு அதன் வாசலில் நம்மை மட்டும் நிறுத்திவைப்பதா என்பதுதான் கேள்வி. பிரிக்பீல்ட்ஸில் நம் பெரியவர்கள் சங்கம் இதற்காக ஒரு கூட்டம் போட்டது உனக்கு நினைவிருக்கும், நீயும் வந்திருந்தாய். மேடையில் இருந்த அத்தனை பேரும் ஊருக்குப் போகும்போது இரண்டாம் வகுப்பில் போகிறவர்கள். உடன்படிக்கையை வரவேற்கிறோம், டெக் கட்டணம் ஏறாதபடி சர்க்கார் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒரே தீர்மானத்தில் இரண்டையும் கட்டி நிறைவேற்றினார்கள். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, டெக்கில் போகிறவர்களுக்குப் படகு இல்லையென்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டார். மேடையிலிருந்த ஜவுளிக்கடை முதலாளி, "அவங்களுக்கென்ன, எல்லாம் ஆத்தங்கரை ஆளுங்க, நீஞ்சிக்குவாங்க லா" என்றார். சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் எழுதிக்கொண்டிருந்ததால் சிரிக்கவில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கை வேலையாக இருந்தது, அவ்வளவுதான்.

குழு துறைமுகத்துக்கு வந்த நாளைப் பற்றி இப்போது சொல்கிறேன். கித்தா என்கிற ரப்பரின் விலை விழுந்து தோட்டங்கள் ஒவ்வொன்றாக ஆட்களைக் கழித்துவிடுகிற காலம் இது. தெலுக் பங்லிமா காராங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கழிக்கப்பட்டவர்கள் சர்க்கார் செலவில் ஊர் திரும்பக் கப்பலில் இடம் கிடைக்கும்வரை துறைமுகத்துக் கொட்டகையில் காத்துக்கிடந்தார்கள். துத்தநாகக் கூரை, நல்ல மழை. துரைமார்கள் மேசை போட்டு உட்கார்ந்தார்கள், நீ பக்கத்தில் நின்றாய். நான் பின்னால் கதவோரம் நின்றேன். தலைவர் ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி என் காதில் விழுந்தது. கப்பலில் எல்லாருக்கும் படகு வைத்தால் ஏற்றும் ஆள் குறையும், கட்டணம் ஏறக்கூடும். அப்படி ஏறாமலிருக்க, ஆபத்துக் காலத்தில் எல்லாருக்கும் படகில் இடம் இல்லாமல் போவதை இவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா என்று கேட்டார். நீ தமிழில் சொன்னது மழைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நீளமான கேள்விக்குச் சின்னதாக ஏதோ சொன்னாய் என்பது மட்டும் தெரிந்தது. முன்னால் நின்ற அவர்களுடைய தோட்டத்துக் கங்காணி திரும்பி ஒரு சத்தம் போட்டார். அத்தனை கைகளும் உயர்ந்தன. தலைவர் தலையசைத்தார், எழுத்தர் எழுதிக்கொண்டார், நானும் எழுதிக்கொண்டேன். இத்தனை பேரும் ஒரே கருத்தாக இருக்கிறார்களே என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நாற்பது குடும்பத்துக்கு மேல் அங்கே இருக்கும். நம் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து காப்பியா தேநீரா என்று முடிவு செய்த கதை கிடையாது. மழை விடுவதற்குள் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தேன்.

அடுத்த வாரம் அதே கொட்டகைக்கு வேறு வேலையாகப் போனேன். அங்கே கொடுக்கிற அரிசி மோசம் என்று புகார் வந்திருந்தது. ஆறுமுகம் என்று ஒரு பால்வெட்டுக்காரர் நம் பத்திரிகையை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார், சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். "டெக் பயணிகள் குறைந்த கட்டணத்தையே விரும்புவதாக ஒருமனதாகக் கைதூக்கித் தெரிவித்தனர்" என்று நான் எழுதிய இடம் வந்தது.

"இது எந்தத் தோட்டத்து ஆளுங்கண்ணே?" என்று கேட்டாள் அஞ்சலை என்கிற பெண்.

"நம்ம தோட்டம்தான் போட்டிருக்கு."

"நாம எப்பக் கை தூக்கினோம்?"

"அன்னைக்கு மழையில தொப்பிக்காரத் துரைங்க வந்தாங்கள்ல. அப்ப."

"அது பெரட்டுல்ல?"

பெரட்டு என்றால் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் எடுக்கிற வழக்கம். கங்காணி சத்தம் போட்டால் கை தூக்க வேண்டும். கை தூக்காதவன் அன்று வேலைக்கு வராதவன். அவர்கள் பிறந்ததிலிருந்து பழகியது அதுதான். மேசை போட்டுத் துரை உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் கணக்கெழுதும் கிராணி மாதிரி ஒரு ஆள் நிற்கிறார், கங்காணி சத்தம் போடுகிறார். வேறு என்னவென்று நினைப்பார்கள்?

"கங்காணியார் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"'பேரு எடுக்குறாங்கடா, கையத் தூக்குங்க'ன்னாரு. எம் மவன் மடியில தூங்கிட்டிருந்தான். அவன் கையையும் நாந்தான் புடிச்சுத் தூக்கினேன். பேரு விட்டுப்போனா கப்பல்ல ஏத்த மாட்டாங்கல்ல."

"அப்ப ஒம் மவனும் ஒருமனதாச் சொல்லிட்டான்" என்றார் ஆறுமுகம். கொட்டகையே சிரித்தது. சிரிப்பு அடங்குகிறவரை நான் நின்றுகொண்டிருந்தேன்.

உன்னைப் பற்றியும் கேட்டேன். அந்தத் தம்பி தன்மையாகப் பேசினார் என்றார்கள். "'கப்பல் டிக்கெட் விலை ஏறக்கூடாதுன்னு நெனைக்கிறவங்க யாரு'ன்னு கேட்டாரு" என்றார் ஆறுமுகம். "படகப் பத்தி?" என்றேன். "படகா? எந்தப் படகு?" என்றார். எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. ஆனாலும் தலைவர் கேட்ட கேள்வியை முழுதாக, நிதானமாக அவர்களிடம் தமிழில் கேட்டேன். கேட்டபின் அரை மணி நேரம் அவர்களை அடக்க முடியவில்லை.

வயதான ஒருவர் முதலில் பேசினார். "மூழ்குற கப்பல் மூழ்கட்டுங்க. ஊருக்குப் போற கப்பல் போனாப் போதும். படகப் போட்டு ஆளைக் குறைச்சாங்கன்னா, குறையிற ஆளு நானாத்தான் இருப்பேன்." அவர் மனைவி உடனே, "நீங்க இங்கேயே கெடங்க. எனக்குப் படகு வேணும்" என்றாள். ஒரு இளைஞன் கேட்டான்: "வெள்ளைக்காரங்க போற கப்பல்ல எல்லாருக்கும் படகு உண்டா?" உண்டு என்றேன். "படகு வேணுமா வேணாமான்னு அவங்களைக் கேட்டாங்களா?" இல்லை என்றேன். "அப்ப எங்களை மட்டும் என்னத்துக்குக் கேக்குறாங்க?" அஞ்சலை சொன்னாள்: "படகு கெடக்கட்டுங்கய்யா. கக்கூசுக்கு ஒரு தட்டி மறைப்பு வைக்கச் சொல்லுங்க. வரும்போது பட்ட பாடு போதும்." அதற்குப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். நான் அங்கே ஒருமனதாகக் கேட்டது அது ஒன்றைத்தான். குழுவின் கேள்விகளில் அது இல்லை.

கங்காணியையும் பார்த்தேன். சாட்சி என்று பதிவாகியிருப்பது அவர் ஒருவர் பெயர்தான். அவர் கோபப்படவில்லை, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். "என்னங்க திருத்தம்? கையத் தூக்கச் சொன்னாங்க, தூக்கினாங்க. ஆளு எண்ணிக்கை சரியா இருந்துச்சுல்ல?" என்றார்.

அதன்பிறகுதான் முதல் முறை கிள்ளானுக்கு வந்தேன். நீ சொன்னதைக் குறைக்காமல் எழுதுகிறேன், சரிதானா என்று நீயே பார்த்துக்கொள். "அப்பா, அந்தக் கேள்வியை முழுசாச் சொல்லியிருந்தாலும் பாதிப் பேருக்கு மேல டிக்கெட் ஏறக்கூடாதுன்னுதான் சொல்லியிருப்பாங்க. எல்லாருக்கும் படகுன்னு சட்டம் வந்தா ஒரு கப்பல்ல இப்ப ஏத்துற ஆள்ல பாதியைத்தான் ஏத்துவான். மீதிப் பேர் இதே கொட்டகையில கெடந்து காய்ச்சல்ல சாவாங்க. கடல்ல செத்தாத்தான் உங்களுக்கு நியூஸ்." நான் சொன்னேன், இவர்கள் போவது சர்க்கார் செலவில், டிக்கெட் வாங்காதவனிடம் டிக்கெட் விலை ஏறலாமா என்று கேட்டு என்ன பயன் என்று. அதற்கும் உன்னிடம் பதில் இருந்தது. "இன்னைக்கு சும்மா போறாங்க. கித்தா விலை ஏறி மறுபடி தோட்டம் தொறந்தா எந்தக் காசுல திரும்பி வருவாங்க?" உன் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நாம் இருவரும் அதைத் தொடவில்லை.

உன் வாதம் சாதாரண வாதம் இல்லை, மகனே. நானும் அதைப் பல நாள் யோசித்தேன். கொட்டகையில் காய்ச்சல் இருப்பது உண்மை. கப்பலில் ஆள் குறைந்தால் காத்திருப்பு நீளும் என்பதும் உண்மை. அந்தக் கிழவர் அதையேதான் சொன்னார். உன் வாதத்தை நீ உன் பெயரில் குழுவிடம் சொல்லியிருந்தால் உன்னோடு பத்திரிகையில் சண்டை போட்டிருப்பேன், அதோடு போயிருக்கும். நீ அதை அவர்கள் கையில் வைத்தாய். தூங்குகிற பிள்ளையின் கை வரைக்கும் அது போயிற்று. அவர்கள் கிழவர் பக்கம் நிற்பார்களா, கிழவி பக்கம் நிற்பார்களா என்பது எனக்கு இன்னும் தெரியாது. உனக்கும் தெரியாது. தெரிந்துகொள்வதற்காகத்தான் உனக்குச் சம்பளம் கொடுத்து அங்கே நிற்க வைத்தார்கள்.

நீ இப்படி இருந்தவன் இல்லை. கிள்ளான் நீதிமன்றத்தில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கோழித் திருட்டு வழக்கு வந்தது. குற்றவாளிக் கூண்டில் இருந்தவன் கோழியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மாஜிஸ்திரேட்டின் ஏழு தலைமுறையையும் வரிசையாகத் திட்டினான். நீ நின்றபடி ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொன்னாய், பாட்டன் பாட்டி வரைக்கும். பத்திரிகைக்காரர்கள் பெஞ்சில் எங்களுக்கு மூச்சு முட்டியது. மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்து, அவன் உண்மையிலேயே அப்படிச் சொன்னானா என்று கேட்டார். "ஆமாம், ஐயா. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது" என்றாய். அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து நீதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அந்தத் திட்டுகளையெல்லாம் நடித்துக் காட்டினாய். உன் அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் உன்னைத் தனியே கூப்பிட்டு, "எல்லாத்தையும் சொல்லிக்கிட்டிருந்தா வேலை நிலைக்காது. துரைக்கு எது வேணுமோ அதைப் பார்த்துச் சொல்லு" என்றேன். ஒரு அப்பன் அக்கறையோடு சொன்ன புத்திமதிதான். போன வாரம் உன் வீட்டுக் கூடத்தில் நின்று அதை எனக்கே திருப்பிச் சொன்னாய். "நீங்க சொல்லிக் குடுத்ததுதானேப்பா. துரைக்கு வேணுங்கிறதைத்தான் குடுத்தேன்." இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எத்தனையோ புத்திமதியை நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாய்.

இனி உனக்கு நான் புத்திமதி சொல்லத் தகுதி இல்லை என்று நீ நினைத்தால் அது சரி. ஆகவே உன் அம்மா சொன்னதை எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகையில் போடப் போகிறேன் என்று சொன்னதும் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை உதறினாள். "பெத்த புள்ளையப் பேப்பர்ல போட்டு விப்பீங்களா?" என்றாள். "மேல் கோர்ட்டுல தலைமை மொழிபெயர்ப்பாளர் வேலை அவனுக்குன்னு பேச்சு அடிபடுது. இந்த நேரத்துலயா?" என்றாள். அந்தப் பேச்சு எனக்கும் தெரியும் என்றேன். நடந்தது என்னவென்று முழுதாகச் சொல்லு என்றாள். சொன்னேன். உலையில் அரிசியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கைக்குழந்தையான உன்னைத் தூக்கிக்கொண்டு அவள் டெக்கில் வந்தது உனக்குத் தெரியும். அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்த நான் அப்போது வாங்கி அனுப்ப முடிந்த டிக்கெட் அதுதான். அந்தப் பயணத்தைப் பற்றி அவள் என்னிடம் அதிகம் பேசியதே இல்லை. அன்று பேசினாள். "மூணாவது நாள் இவனுக்குக் காய்ச்சல். கீழ வெயிலு, சூடு, இரும்பெல்லாம் கொதிக்குது. மேல ஏணிப்படி ஏறினா ஒரு பெரிய படகு தொங்குச்சு, அதுக்கடியில நல்ல நிழலு. புள்ளையப் போட்டுக்கிட்டு அங்க போய் உக்காந்தேன். கப்பல் ஆளுங்களுக்கு மேஸ்திரி, சாரங்குன்னு ஒருத்தன், வந்து வெரட்டுனான். இது முதல் வகுப்புக்காரங்க எடம், எறங்கு கீழன்னான். புள்ளைக்குக் காய்ச்சல்னேன். டாக்டர்கிட்டப் போன்னான். அது எதுக்குத் தொங்குதுன்னுகூட எனக்கு அப்பத் தெரியாது. நெழலுக்குத் தொங்க விட்டிருக்காங்கன்னு நெனைச்சேன்." எழுந்து போய் உலையைக் கிளறிவிட்டு வந்தாள். "எழுதுங்க. பேரு மட்டும் வேணாம். அவன் வீட்டுக்கு வந்தா நீங்க எதுவும் பேசக்கூடாது. நான் சோறு போடுவேன், அவன் சாப்பிடுவான்." அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியதைச் செய்ய நானே முயன்று பார்த்துவிட்டேன் என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். செவ்வாய்க்கிழமை குழுவின் செயலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார். கதவோரம் நின்ற பத்திரிகைக்காரர் ஒரு வாரம் கழித்துக் கேட்டறிந்தது சாட்சியம் ஆகாது என்றார். கொட்டகை ஆட்களை அழைத்துவரலாமா என்றேன். கப்பல் ஏறும்வரை அவர்கள் துறைமுக எல்லையை விட்டு வெளியே வர அனுமதி இல்லை என்றார். சாட்சியான கங்காணி திருத்தம் எதுவும் இல்லை என்று ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். "பிரமாணம் எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பாளர், நான் கேள்வியை முழுதாகச் சொல்லவில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுவோம். வேறு யார் சொன்னாலும் எங்களால் முடியாது" என்றார். அவர் சொன்னதில் குறை காண முடியவில்லை. அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்கிறார். அந்தப் பக்கம் போனால் விலக்குக்கு ஆதாரம் என்று கப்பல் கம்பெனிக்காரர்களின் கணக்கு மட்டும்தான் மிஞ்சும். குழு அப்போதும் விலக்குக் கேட்கலாம். கேட்டால், கம்பெனிக்காக என்று கேட்கட்டும்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு நீ என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தலைமை மொழிபெயர்ப்பாளர் பதவி போகும். கிள்ளான் வேலையே நிலைக்குமா என்பது சந்தேகம். ஆட்களைக் கழிக்கிற இந்தக் காலத்தில் இன்னொரு வேலை எளிதில் கிடைக்காது. என்னிடம் உனக்குக் கொடுக்க எதுவும் இல்லை, அதையும் நீ அறிவாய். இதை எழுதியதால் பத்திரிகையில் என் நாற்காலி எத்தனை நாள் என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் சங்கத்தில் விளம்பரம் கொடுக்கிறவர்கள் அதிகம். நீ வந்து சொல்வாய் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன் என்று சொன்னால் பொய்யாகும். அந்த அளவுக்கு உன்னைப் பற்றி எனக்கு இப்போது தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் நான் முடிவு கட்டக்கூடாது, அவ்வளவுதான்.

இன்று நிலுவையில் இருப்பவை இவை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கோலாலம்பூரில் குழு கூடுகிறது. திருத்தம் இல்லையென்றால் பகலுக்குள் கையெழுத்தாகி அறிக்கை மேலே போகும். நாடு உடன்படிக்கையில் எப்படிச் சேரும் என்ற முடிவு அதற்குப் பிறகு வர வேண்டியது, எப்போது என்று செயலாளருக்கும் தெரியவில்லை. கொட்டகையில் இருப்பவர்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை ஏறுகிறார்கள். எந்த முடிவு வந்தாலும் அந்தக் கப்பலில் ஒரு படகும் கூடப்போவதில்லை. வெள்ளிக்கிழமை நான் அந்த அறையில் பத்திரிகைக்காரர்கள் பெஞ்சில் இருப்பேன். நீ உள்ளே வந்தால் உன்னிடம் பேச மாட்டேன். சனிக்கிழமை இதழில் முதல் பக்கத்தில் கால் பத்தி காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் வந்தார் என்றோ, வரவில்லை என்றோ அதில் எழுதுவேன். எது நடந்ததோ அதை எழுதுவேன்.